வெள்ளைக் கல்லுக்கு இந்தப் பக்கம்

கிட்ட வந்து உட்காரு, மாயா. அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும், இந்தப் பக்கம் வா. ஃபேன் காற்றும் இங்கேதான் விழும். டீயில் சர்க்கரை குறைத்துப் போட்டிருக்கிறேன், உன் அம்மா குடிக்கிற மாதிரி. குடித்துக்கொண்டே கேள். உனக்கு ஒரு கதை சொல்கிறேன். இதுவரை யாருக்கும் முழுசாகச் சொல்லாத கதை. உனக்காகவே வைத்திருந்தேன் என்று வைத்துக்கொள்.

நீ கொண்டுவந்த போட்டோவை மேசைமேல் கவிழ்த்து வைத்திருக்கிறாய். அப்படியே இருக்கட்டும், அதற்கும் கதையில் இடம் வரும். உன் மடியில் போன் ஓடிக்கொண்டிருப்பதும் தெரிகிறது. ஓடட்டும். கொஞ்சம் என் பக்கம் திருப்பி வை, குரல் தெளிவாக விழும்.

முதலில் ஒன்று. உன் அம்மாமேல் எனக்குக் கோபம் இருந்ததில்லை. குணசுந்தரியும் நானும் இந்த ஊரிகத்தில், தங்கச் சுரங்கக் கம்பெனி கட்டின ஒரே லைன் வீட்டு வரிசையில் பிறந்தவர்கள். நடுவில் நான்கு வீடுதான். என்னைவிட ஆறு வயது சின்னவள். நான்தான் அவளுக்குத் தலை பின்னிவிடுவேன். கல்யாணமாகிப் பெங்களூர் போனாள், முப்பது வருஷம் டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்தாள், ரிட்டயர் ஆனாள், போன வருஷத்துக்கு முந்தின கோடையில் அப்பா வீட்டுக்கே திரும்பி வந்தாள். கழுத்தில் ஒரு கேமரா. முழங்கை நீளத்துக்கு அதற்கு மூக்கு.

அதற்கு முன்னாலேயே எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை நடை உண்டு. ஆறரைக்கு ஸ்டேஷன் வாசலில் கூடுவோம். தங்கம் அரைத்த மண்ணைக் கொட்டின மில் மண்மேட்டை ஒரு சுற்று, அங்கிருந்து குட்டைக்கரை, அப்புறம் புங்க மரத்தடி. பென்ஷன்காரர்கள் கொஞ்சம், வாரம் முழுக்க ரயிலில் நின்றுகொண்டே பெங்களூர் போய்வருகிறவர்கள் கொஞ்சம். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். சர்க்கரைக்கு டாக்டர் நடக்கச் சொன்னார் என்பார்கள். மரத்தடியில் உட்கார்ந்ததும் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். அப்போது தெரியும் எதற்கு வந்தார்கள் என்று.

நான் ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. கதை யாரும் எனக்குச் சொல்லித் தரவுமில்லை. சுரங்கத்துக்கு ஷிப்டுக்குப் போன என் வீட்டுக்காரர் வரும்வரை விழித்திருக்க நானே எனக்குச் சொல்லிக்கொண்டதுதான். அவர் கண்ணை மூடின பிறகு வீட்டில் கேட்க ஆளில்லை. மரத்தடியில் இருந்தார்கள். நான் ஒரு இடத்தில் நிறுத்துவேன். சின்னசாமி மாமா கழுத்தை நீட்டி, "அப்பால?" என்பார். மரியா, "இன்னா அக்கா, இந்த எடத்துல போயி நிறுத்துறீங்க, அப்பால இன்னா ஆச்சு?" என்பாள். அந்த ஒரு சொல்லுக்காக வாரம் முழுக்கச் சோறு தின்னலாம். உனக்கு இது புரியாது. நீ சொன்னால் கேட்க ஆள் இருக்கிறது.

குணா வந்ததும் நடை மெதுவானது. எருக்கஞ்செடியைக் கண்டால் நின்றுவிடுவாள். ஆரஞ்சு நிறத்தில் கறுப்புக் கரை போட்ட பட்டாம்பூச்சி ஒன்று அதைச் சுற்றும். பிறந்ததிலிருந்து பார்க்கிறோம். அதற்கு வெந்தய வரியன் என்று பெயராம், அவள்தான் சொன்னாள். குட்டைக்கரையில் கோரைப்புல் நுனியில் சிவப்புத் தட்டான் உட்காரும். அதன்முன் வயிறு மண்ணில் படப் படுத்துக்கொள்வாள். அறுபது வயசுப் பொம்பளை. பூச்சி கண்ணுக்கு நேராக நம் கண் இருக்க வேண்டுமாம். கண்ணைக் கேமராவில் வைத்துவிட்டால் அப்புறம் எடுக்க மாட்டாள். முழங்கையை ஊன்றி ஊன்றி முன்னே நகர்வாள், பல்லி மாதிரி.

சின்னசாமி மாமா சிரிப்பார். "ஏம்மா குணா, நான் முப்பத்தஞ்சு வருசம் ஷாஃப்ட்ல எறங்கி ஏறுனேன், என்னை ஒரு பய ஒரு போட்டோ எடுத்ததில்ல. இந்தத் தட்டானுக்கு இன்னாத்துக்கும்மா முப்பது போட்டோ?"

"அது மாதிரி வாயை மூடிக்கினு ஒரு எடத்துல உக்காருங்க மாமா, உங்களையும் எடுக்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு நாள் நானும் கேட்டேன், "என்னையும் ஒண்ணு எடேன்டி" என்று. கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "இருங்கக்கா, இது பறந்துடும். நீங்க எங்க போயிடப் போறீங்க."

உண்மைதான். நான் எங்கே போகப் போகிறேன்.

போன வருஷம் மே முதல் ஞாயிறு. முந்தின நாள் மழை பெய்து மண் குளிர்ந்திருந்தது. மரத்தடியில் ஒரு புதுக் கதை எடுத்தேன். நாலு மாதம் மனசுக்குள் வைத்துச் செதுக்கியது. சுரங்கத்துக்குள் ஆளை இறக்கி ஏற்றுகிற கேஜில் பதினொரு பேர் இறங்குகிறார்கள். மேலே ஒருத்தி எண்ணி அனுப்புகிறாள், ஏனென்றால் அதில் ஒருவன் அவள் புருஷன். ஷிப்ட் முடிகிறது. பெல் அடிக்கிறது. கேஜ் மேலே வருகிறது. கதவு திறக்கிறது. அவள் எண்ணுகிறாள். பன்னிரண்டு பேர். அந்தப் பன்னிரண்டாவது ஆள் தலையை நிமிர்த்தினான், அப்போது...

"அக்கா, ஒரு நிமிசம்." குட்டைக்கரையிலிருந்து குணா. "எல்லாரும் வாங்க, சத்தம் போடாம வாங்க. தட்டான் தோலை உரிச்சிக்கினு வெளிய வருது."

எழுந்து போனார்கள். பன்னிரண்டு பேரும். மரியா செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடினாள். நான் திறந்த வாயோடு உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரம். திரும்பி வந்தவர்கள் கேமராவின் சின்னக் கண்ணாடியைச் சுற்றித் தலையோடு தலை வைத்துப் படம் பார்த்தார்கள். அப்புறம் வெயில் ஏறிவிட்டது என்று கிளம்பினார்கள். நான் காத்திருந்தேன். ஸ்டேஷன்வரை கூடவே நடந்தேன். யாரும் கேட்கவில்லை, அப்பால என்ன ஆச்சு என்று. ஒருவர்கூட.

அதற்காகத்தான் செய்தேன் என்று நீ நினைக்கிறாய். இல்லை. நான் செய்தது அந்த வாயில்லாத ஜீவன்களுக்காக. அதே நாள் பார்த்தேன், குணா ஒரு தட்டானை டிபன் டப்பாவில் போட்டு மூடினாள். பூச்சியை ஐஸில் வைத்தால் விறைத்துப்போய் அசையாமல் படத்துக்கு உட்காருமாம், யாரோ சொல்லக் கேட்டிருக்கிறேன். மரியா என்னமோ, "அது தண்ணில விழுந்துச்சு அக்கா, ரெக்கை காயத்தான் வச்சாங்க, அப்பாலே பறந்துபோச்சு" என்றாள். மரியா எப்போதும் அவள் பக்கம். ஒரு உயிரை அப்படி வதைக்கிறவளை யாராவது நிறுத்தத்தானே வேண்டும்.

இப்போது வெள்ளைக் கல். நீ பெங்களூரில் வளர்ந்தவள், உனக்குச் சொல்ல வேண்டும். எங்கள் லைனுக்குப் பின்னால், உண்ணிச்செடிப் புதருக்கு நடுவில், தங்கம் இருக்கிறதா என்று வெள்ளைக்காரன் காலத்தில் தோண்டிப் பார்த்த சோதனைக் குழி ஒன்று. நாற்பதடி ஆழம் இருக்கும். மேலே கட்டை அடுக்கி மண் போட்டு மூடிவிட்டுப் போய்விட்டார்கள். பார்த்தால் தரைதான். அதனால் அதைச் சுற்றி நம் ஆட்கள் கல் நட்டு, வருஷா வருஷம் ஆயுதபூஜைக்கு முன்னால் சுண்ணாம்பு அடிப்பார்கள். குழந்தை நடக்க ஆரம்பித்ததும் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுவோம்: இந்தக் கல்லைத் தாண்டாதே. வெளியூர்க்காரன் அங்கே வந்தால் தரையைப் பார்த்து நடப்பான். எங்கள் ஆள் தரையைப் பார்க்க மாட்டான், கல்லைத்தான் பார்ப்பான். கல்லுக்கு இந்தப் பக்கம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு படுப்பான்.

சுரங்கத்தில் மரக்கட்டை முட்டுக் கொடுக்கிற வேலை என் வீட்டுக்காரருக்கு. அந்தக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறதும் அவர் பொறுப்பாக இருந்தது. அவருக்குப் பிறகு நான். அதனால் நான் அங்கே குந்திக்கொண்டு என்ன செய்தாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

நான்கு கல்லைப் பெயர்த்தேன். குழிப் பக்கமாக ஏழடி உள்ளே தள்ளி நட்டேன். துணி காயப்போடுகிற மூங்கிலால் குத்திப் பார்த்தேன். கட்டையைக் கரையான் தின்றிருந்தது. மூங்கில் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது.

பூச்சியைக் கொண்டுவருகிற வித்தை உன் அம்மா சொல்லிக்கொடுத்ததுதான். கறுப்பு ராஜா என்று ஒரு பட்டாம்பூச்சியாம். பூவுக்கு வராதாம். அழுகின பழம், சாணி, கருவாடு, இதற்குத்தான் வருமாம். பெரிய குடிகாரன், குடித்துவிட்டால் தொட்டாலும் எழுந்திருக்க மாட்டான் என்பாள். ஒரு வருஷமாகத் தேடுகிறாள், கிடைக்கவில்லை. நான் பழுத்து ஒழுகின பலாச்சுளையில் வெல்லம் பிசைந்து, நெத்திலிக் கருவாட்டை நுணுக்கிப் போட்டு, கொஞ்சம் பிராந்தி விட்டு, அந்தப் புதரில் வைத்தேன். ஒன்பதாவது நாள் வந்தது. கறுப்பு உடம்பு, குறுக்கே வெள்ளைப் பட்டை, பின்னால் இரண்டு வால். நல்ல அழகு. டப்பாவைக் கவிழ்த்துப் பிடித்தேன். அதை நான் ஃப்ரிட்ஜில் வைத்தது இரண்டே நாள்தான். நடுநடுவே எடுத்து வெல்லத்தண்ணீர் காட்டினேன். அதுவும் இதுவும் ஒன்றில்லை.

சனிக்கிழமை காலை குணாவுக்குப் போன் போட்டேன். "உன் ராஜா வந்திருக்கான்டி, கல்லுகிட்ட. யார்கிட்டயும் சொல்லாதே, கூட்டம் வந்தா பறந்துடும்."

"அய்யோ அக்கா, தெய்வம் நீங்க. அவனைப் புடிச்சி வைங்க, பத்தே நிமிசம்."

அவள் வருவதற்குள் மூங்கில் நுனியில் பலாச்சுளையைக் குத்தி, அதன்மேல் ராஜாவை உட்காரவைத்து, நீட்டிக் குழிக்குமேல் வைத்தேன். குளிரில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தது. வெயில் பட்டதும் மெதுவாகச் சிறகு விரித்தது. உன் அம்மா ஓடி வந்தாள். தலைகூடச் சீவவில்லை. தோள்பையைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "இதைப் புடிங்கக்கா." அப்புறம் கல்லைப் பார்த்தாள். அதை நான் கவனித்தேன். நன்றாகப் பார்த்தாள், நான்கு கல்லையும், ஒவ்வொன்றாக. லைனில் பிறந்தவள் இல்லையா. பூச்சி கல்லுக்கு இந்தப் பக்கம்தான் இருந்தது. சரி என்று படுத்தாள்.

மூன்று படம் எடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு முழம் நகர்ந்தாள். நான்காவது எடுப்பதற்கு முழங்கையை முன்னால் ஊன்றினாள்.

பெரிய சத்தம் எதுவும் இல்லை. மண் சரிகிற சத்தம், அவ்வளவுதான். ராஜா பறந்துபோய்விட்டது. அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

டீ ஆறிவிட்டது பார். வேறு போடட்டுமா? வேண்டாமா. சரி.

அவள் உடனே போய்விடவில்லை. இதை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் யாருக்கும் தெரியாது. அடியில் சேறு. கால் முறிந்திருந்தது, இடுப்பும் போலிருக்கிறது. முதலில் கத்தினாள். நான் கொஞ்சம் பொறுத்து, மூங்கிலைக் குறுக்கே போட்டு அதன்மேல் படுத்து, எட்டிப் பார்த்தேன்.

"தாயக்கா, ஆளுங்களைக் கூப்புடுங்க. கால் போச்சு அக்கா."

"கூப்பிட்டாச்சு குணா. வந்துனே இருக்காங்க. கத்தாதே, மூச்சு போயிடும்."

அவளைச் சமாதானப்படுத்த வேண்டாமா. பயத்தோடு சாவது பாவம். அதனால் கதை சொன்னேன். பதினொரு பேர் இறங்கிய கேஜ் கதை. அவசரமில்லாமல், முதலிலிருந்து. மரத்தடியில் சொன்னதைவிட நன்றாக வந்தது. எட்டரைக்கு, பையில் இருந்த அவள் போன் அடித்தது. திரையில் உன் பெயர். பாட்டு முழுசாக ஓடி நின்றது. கீழேயிருந்து, "மாயாவா அக்கா?" என்றாள். "ஆமா, நான் சொல்லிட்டேன், கிளம்பி வர்றா" என்றேன். அவளுக்கு எவ்வளவு நிம்மதி என்று நீ பார்த்திருக்க வேண்டும். குரலே மாறிவிட்டது.

கேஜ் மேலே வந்து கதவு திறக்கிற இடத்தில் நிறுத்தினேன். பன்னிரண்டு பேர். பன்னிரண்டாவது ஆள் தலையை நிமிர்த்தினான். நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். ரொம்ப நேரம். அவள், "அக்கா, ஆளு வந்தாங்களா" என்றாள். நான் பேசவில்லை. மறுபடியும், "அக்கா, இருக்கீங்களா" என்றாள். நான் பேசவில்லை. அப்புறம் அவளுக்கே புரிந்தது. டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்த புத்திசாலி அல்லவா.

"அப்பால..." என்றாள். "அப்பால இன்னா ஆச்சு அக்கா?"

அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆயுசில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

பத்தரை மணிக்கு மேல் அவளால் பேச முடியவில்லை. அங்கே ஒரு பழைய இரும்புப் பைப் அடிவரை போகிறது. லைன் பிள்ளைகள் எல்லோருக்கும் கேஜை ஏற்ற இறக்க அடிக்கிற பெல் பாஷை தெரியும், விளையாட்டாகத் தட்டுவோம். எங்கள் கணக்கில் ஒரு தட்டு என்றால் கேட்டது என்று அர்த்தம். "குணா, 'ம்' கொட்ட வேணாம், தட்டு, போதும்" என்றேன். நான் ஒரு வரி சொல்வேன், கீழே ஒரு தட்டு. ஒரு வரி, ஒரு தட்டு. வெயில் முதுகில் சுட்டது, பக்கத்தில் சின்ன மஞ்சள் பட்டாம்பூச்சிகள் ஈர மண்ணில் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. நல்ல காலை அது. கடைசி வரி சொன்னபோது தட்டு வரவில்லை. மறுபடியும் சொன்னேன். வரவில்லை. பன்னிரண்டாவது ஆள் யார் என்று அவள் காதில் விழுந்ததா, அதற்கு முன்பே தூங்கிவிட்டாளா, தெரியவில்லை. எனக்கு இருக்கிற குறை அது ஒன்றுதான்.

பையை உள்ளே போட்டேன், கூடவே விளிம்புக் கட்டை ஒன்றும் சரிந்து விழுந்தது. கல்லைப் பழைய இடத்தில் நட்டுப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்தேன். சாயங்காலம் நீ எனக்குப் போன் செய்தாய், "பெரியம்மா, அம்மா போன் எடுக்கல, கொஞ்சம் பாத்துட்டு வர்றீங்களா" என்று. "சார்ஜ் இருக்காதும்மா, பூச்சி பிடிச்ச அசதியில தூங்கியிருப்பா" என்றேன். ஞாயிறு அவள் நடைக்கு வரவில்லை. மரத்தடியில் கேஜ் கதையை முடித்தேன். பன்னிரண்டு பேரும் வாய் பிளந்து கேட்டார்கள். திங்கட்கிழமை கண்டுபிடித்தார்கள்.

சாவு வீட்டில் பேசினதெல்லாம் உனக்குத் தெரியும். லைனில் பிறந்துவிட்டு ஒரு பூச்சிக்காகக் கல்லைத் தாண்டினாளே என்று எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். சின்னசாமி மாமாவே, "கேமரா வெறியில கண்ணு அவிஞ்சிபோச்சா அதுக்கு" என்று அழுதார். எங்கள் புத்த விகாரையிலிருந்து வந்து பஞ்சசீலம் ஓதினார்கள். எந்த உயிரையும் கொல்ல மாட்டேன் என்பதுதான் முதல் வரி. நானும் கைகூப்பி எல்லோரோடும் சேர்ந்து சொன்னேன்.

கேமரா நசுங்கிவிட்டது, ஆனால் அதற்குள் இருந்த கார்டு பிழைத்திருக்கும் என்று உனக்குத் தோன்றப் பத்து மாதம் ஆகியிருக்கிறது. முதல் மூன்று படத்திலும் ராஜாவுக்குப் பின்னால் வெள்ளைக் கல் தெரிகிறது என்று வாசலிலேயே சொன்னாய். அம்மா கல்லைத் தாண்டவில்லை என்று சொன்னாய். ஆமாம், தாண்டவில்லை. அதை நீ எல்லோரிடமும் சொல்லலாம். நானும் சொல்கிறேன்.

சரி, அந்தப் போட்டோவைத் திருப்பு.

எவ்வளவு அழகாக வந்திருக்கிறது. சுற்றிலும் கறுப்பு, நடுவில் வட்டமாக வானம், விளிம்பில் என் தலை. வாய் திறந்திருக்கிறது. கதை சொல்லிக்கொண்டிருக்கிறேன். கீழே நேரம் விழுந்திருக்கிறது, பத்து நாற்பது. எதற்கு எடுத்தாள், போலீசுக்கு என்றுதான் நீ நினைப்பாய். அவள் எடுத்த மூன்றாவது படத்தில் மணி ஏழு பத்து என்பாய், நடுவில் மூன்றரை மணி நேரம் இந்தத் தலை அங்கே என்ன செய்தது என்பாய். இருக்கட்டும். ஆனால் நான் அவளிடம் ஒரு படம் கேட்டிருந்தேன் இல்லையா. அவள் மறக்கவில்லை. அந்த நிலையிலும் ஆடாமல் எடுத்திருக்கிறாள். என் குணா தங்கமானவள்.

ஜீப் சத்தம் கேட்கிறது. உன் புருஷன் ரூபேஷ் போலீசைக் கூட்டிக்கொண்டு வருகிறார் போல. வரட்டும், அவர்களுக்கும் முதலிலிருந்து சொல்கிறேன். அந்தப் போனை அணைக்காதே. எத்தனை பேர் கேட்பார்கள் இதை. நீகூட நடுவில் ஒரு முறை கேட்டாய் பார், மெதுவாக, "அப்பால?" என்று. அம்மா குரல் அப்படியே இருக்கிறது உனக்கு.

எழுந்திரு தாயி, பார்த்து, மாசமாக இருக்கிறாய், அந்த நாற்காலி ஆடும். நல்லபடியாகப் பெற்றெடு. உன் வீட்டில் சிரிப்புச் சத்தம் ஓயாமல் இருக்கட்டும். உன் வாசல் நிறைய உறவு வரட்டும். கூப்பிட்ட குரலுக்கு ஓடிவருகிற மனுஷர்கள் உன் வீட்டைச் சுற்றி எப்போதும் இருக்கட்டும்.